பலகை இல்லாத பள்ளி: ராஜபாளையம் பக்கம் சிலம்பம் தேடிப் போறவங்களுக்கு

(எபிசோடின் பேச்சு, வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

நம்ம பாட்காஸ்ட் கேட்கிறவங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "சிலம்பம் கத்துக்கணும். மொட்டை மாடி வீக்எண்ட் கிளாஸ் வேண்டாம். ஊருக்கே போய், பழைய முறையில சொல்லித்தர்ற இடத்துல கத்துக்கணும். பத்து நாள் லீவு போட்டுட்டுப் போறேன், அதுக்குத் தகுந்த இடமா சொல்லுங்க."

இன்னைக்கு ஒரு வட்டாரத்தை வச்சு இதுக்குப் பதில் சொல்லப் போறேன். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். ரெண்டு ஊருக்கும் நடுவுல சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆண்டாள் கோயில், பால்கோவா, ராஜபாளையம் நாய், நூற்பாலை எல்லாம் உங்களுக்கே தெரியும். சென்னையிலிருந்து அந்த வழியா செங்கோட்டை போற ஒரு ரயிலுக்குப் பேரே சிலம்பு எக்ஸ்பிரஸ். அந்தச் சிலம்பு கண்ணகியோட கால்ல இருந்தது, நாம பேசப் போற சிலம்பம் கையில இருக்கிற கம்பு. இருந்தாலும் பேர் ராசி நல்லாத்தான் இருக்கு.

ரயிலை விட்டு இறங்கினதும் ஒரு சிக்கல் காத்திருக்கும். கேரளாவில் வடகரைக்கோ தலச்சேரிக்கோ போனா, களரின்னு கேட்டதும் ஒரு கட்டடத்தைக் காட்டுவாங்க. மரபான களரி 42 அடி நீளம், 21 அடி அகலம், தரையை வெட்டிப் பள்ளமாக்கின மண் தளம், மூலையில் பூத்தறை. இடம்தான் அங்கே பள்ளி. ராஜபாளையத்துல சிலம்பப் பள்ளி எங்கேன்னு கேட்டா, யாரும் கட்டடத்தைக் காட்ட மாட்டாங்க. ஒரு ஆளைச் சொல்லுவாங்க. "அவர் சாயங்காலம் மைதானத்துக்கு வருவாரு, போய்ப் பாருங்க." அவ்வளவுதான்.

ஏன் இப்படி? ஒரே மலைத்தொடரின் ரெண்டு பக்கம். ஒரு பக்கம் கட்டடம் இருக்கு, இன்னொரு பக்கம் ஆள் மட்டும் இருக்கார். இந்தக் கேள்விக்கான பதில் வரலாற்றில்தான் இருக்கு. அது தெரிஞ்சா, எந்த ஆசானைத் தேடிப் போகணும் என்பதும் பாதி தெரிஞ்சுடும்.

ஊர்ப் பேர்லயே படை இருக்கு

'பாளையம்' என்றால் படை தங்கும் இடம். ராஜபாளையம் என்ற பேரை அப்படியே எழுத்துக் கூட்டிப் படிங்க, வரலாறு கைக்கு வந்துடும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து தங்கிய ராஜுக்கள் பேரால் அமைந்த ஊர் அது. 16-ஆம் நூற்றாண்டில் மதுரையில் விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். ஒவ்வொரு பாளையக்காரருக்கும் மூன்று வேலை: வரி வசூலிப்பது, ஊர்க்காவல், கூப்பிட்டால் படையோடு வருவது.

இந்த மலையடிவாரம் முழுக்கப் பாளையங்கள்தான். சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி, தலைவன்கோட்டை, ஊத்துமலை. கொஞ்சம் தெற்கே போனால் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல். 1755-இல் கர்னல் ஹெரான் படையோடு வந்து கப்பம் கேட்டு, கிடைக்காமல் திரும்பிய ஊர் அது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பாளையத்துப் படை என்பது பெரும்பாலும் இன்றைய அர்த்தத்தில் சம்பளப் பட்டாளம் கிடையாது. உழவு நேரத்தில் உழுகிற ஆள், காவல் முறையில் காவலுக்குப் போவார், சண்டை வந்தால் வேல்கம்பை எடுப்பார். அப்படிப்பட்ட ஆளுக்குப் பயிற்சி எங்கே நடக்கும்? கதிரடிக்கிற களத்தில், ஊர்ப் பொட்டலில், கோயில் முன்னால். அதனால்தான் பயிற்சி இடத்துக்கு இன்னைக்கும் 'களம்' என்ற சொல் ஒட்டிக்கிட்டு இருக்கு. நெல்லடிக்கிறதும் களம், போர் நடக்கிறதும் களம். தனியா ஒரு கட்டடம் தேவைப்படவே இல்லை. ஊரே பயிற்சிக்கூடம், பாளையம்தான் அதோட நிறுவனம்.

மூங்கிலும் பக்கத்திலேயே இருந்தது. மலையில் வெட்டி, நிழலில் உலர்த்தி, அனலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் ஊற வச்சு எடுத்தா கம்பு தயார். பொதுவா நிற்கிற ஆளோட நெற்றி அல்லது புருவம் வரைக்கும் உயரம். இன்னைக்கு அந்த மலைக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 2021-இல் அறிவிக்கப்பட்டது. நினைச்ச நேரத்துக்கு மலையேறி மூங்கில் வெட்டுற காலம் போச்சு. கம்பை இப்ப காசு கொடுத்துத்தான் வாங்கணும்.

1801: ஒரு அறிவிப்பு, ஒரு முறிவு

1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பலருக்கு அந்தக் கதை அத்தோடு முடிஞ்சுடும். நம்ம கதைக்கு முக்கியமான வருஷம் 1801.

அந்த ஆண்டு பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் மறுபடி எழும்பியது. மார்ச் 31-இல் மேஜர் மெக்காலேயின் படை அதைப் பிடிக்கப் போய், பெரிய இழப்போடு பின்வாங்கியது. உள்ளே இருந்தவர்களின் முக்கிய ஆயுதம் நீண்ட வேல்கம்பு. பீரங்கியோடு வந்த படை, மண்சுவருக்குப் பின்னால் கம்போடு நின்ற ஆட்களைத் தாண்ட முடியாமல் திரும்பியது. கூடுதல் படையோடு கர்னல் அக்னியூ வந்த பிறகு, மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்தச் சண்டைகளில் கம்பெனி தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தன் நினைவுகளை எழுதினார். 1830-இல் அச்சான அந்த நூலில் ஒரு இடம் மனசைப் பிசையும். வேல் எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்கிறார். அதே சின்ன மருதுவை வேட்டை மிருகம் போல விரட்டிப் பிடித்துத் தூக்கிலிட்ட படையில் தானும் இருந்ததையும் எழுதுகிறார். யோசிச்சுப் பாருங்க: தென் தமிழ்நாட்டுப் போர்க்கலையை ஒரு ஆசானிடம் நேரடியாகக் கற்றதாக எழுதிவைத்த ஆரம்பகால வெளியூர் மாணவர்களில் ஒருவர் இவர். பள்ளி என்று எதுவும் இல்லை, ஒரு மனிதர் கற்றுக்கொடுத்தார். அந்த மனிதரோட கதை முடிந்த விதம் இது.

அடுத்து வந்ததுதான் நம்ம தலைப்புக்கு நேரா சம்பந்தப்பட்டது. 1801 டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு அறிவிப்பை வெளியிட்டார். தென் சீமைகளில் கம்பெனி அனுமதிக்காத தாக்குதல் ஆயுதங்களை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தடை. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையக்காரர்கள் படை வைக்கும் கடமை பணமாக மாற்றப்பட்டது. பிழைத்த பாளையங்கள் பிறகு ஜமீன்களாயின. ஜமீன்தாருக்கு வரி கட்டும் குடிகள் போதும், போர்வீரர்கள் தேவையில்லை.

ஒரே அறிவிப்பில் என்ன நடந்தது பாருங்க. கலைக்குச் சோறு போட்ட நிறுவனம் கலைந்தது. வேல்கம்பு, வாள், வளரி எல்லாம் குற்றப் பொருளாச்சு. வளரியை இன்னைக்கு நாம பெரும்பாலும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்கிறோம். ஆனா கம்பு? ஆடு மேய்க்கிறவர் கையில கம்பு, மாடு ஓட்டுறவர் கையில கம்பு, பாம்படிக்கக் கம்பு, தாத்தா ஊன்றி நடக்கக் கம்பு. அதை ஆயுதம்னு பறிமுதல் பண்ண ஆரம்பிச்சா ஊர்ல பாதிப் பேரைப் பிடிக்கணும். என் வாசிப்பில், தென் மாவட்டப் போர்க்கலைகளில் கம்பு மட்டும் தெருத்தெருவாகத் தங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் கம்பு.

ரேகை வைக்கச் சொன்ன காலம்

நூறு வருஷம் கழிச்சு இன்னொரு அடி விழுந்தது. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பை வைத்தே ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகள் என்று பதிவு செய்த சட்டம். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள், கைரேகை வைத்துப் பதிவு செய்யணும் என்பதால். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ, காவலர் சொல்கிற இடத்திலோ போய்ப் படுக்க வேண்டியிருந்தது. தென் மாவட்டங்களில் பிரமலைக் கள்ளர்களும் மறவர்களில் சில பிரிவினரும் இதில் சிக்கினார்கள். 1920 ஏப்ரல் 3-இல் உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; பலர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-இல்தான் நீக்கப்பட்டது.

இதைச் சிலம்பத்தோட ஏன் சேர்க்கிறேன்? பகலில் வேலை, பொழுது சாய்ந்தபின் பயிற்சி. கிராமத்தில் கம்பு கற்றுக்கொள்கிற நேரம் அதுதான். ஊரில் இருக்கிற இளைஞர்கள் இரவில் வீட்டிலேயே படுக்க முடியாது என்றால், நிலா வெளிச்சத்தில் களத்தில் கூடுவது எப்படி? பத்துப் பேர் கம்போடு நின்றால் காவலர் கண்ணுக்கு அது வகுப்பாகத் தெரியுமா, கூட்டமாகத் தெரியுமா?

அதனால் கம்புக்கு ஒரு பாதுகாப்பான மேடைதான் மிஞ்சியது: திருவிழா. முளைப்பாரி ஊர்வலத்துக்கு முன்னால், சாமி புறப்பாட்டில், பொங்கலன்று. அங்கே சுற்றினால் அது விளையாட்டு. 'சிலம்பாட்டம்', 'கம்பு விளையாட்டு' என்று ஆட்டமும் விளையாட்டும் பேரிலேயே சேர்ந்து நிற்பதைப் பார்க்கிறோம். சண்டைக்கலை, ஆட்டம் என்ற போர்வையைப் போர்த்திக்கிட்டு உயிர் பிழைச்சது.

'சலாம்' எங்கிருந்து வந்தது?

இப்ப அந்த 5000 வருஷக் கதைக்கு வருவோம். எந்த வீடியோவைத் திறந்தாலும், எந்தத் துண்டறிக்கையை எடுத்தாலும் சிலம்பத்துக்கு 5000 வருஷம். அந்த எண்ணைத் தாங்குகிற சான்று எதையும் யாரும் அதோட வைக்கிறதில்லை. தமிழ் மண்ணில் போர்க்கலை பழசு என்பதில் சந்தேகமே வேண்டாம். புறநானூற்றின் 80-ஆம் பாடல், சாத்தந்தையார் பாடியது, ஆமூர் மல்லனோடு பெருநற்கிள்ளி செய்த மற்போரைப் பற்றியது. அது மற்போர். நம்ம கையில இருக்கிற கம்பு முறைக்கு வயசு சொல்லணும்னா, அது பேசுற பாஷையைத்தான் கேட்கணும்.

சிலம்புதல் என்றால் ஒலித்தல். கம்பு காற்றைக் கிழிக்கும் சத்தம், கம்போடு கம்பு மோதும் சத்தம். சிலம்பு என்றால் மலை என்றும் பொருள் உண்டு. காலடி, சுவடு, வீச்சு, வாரல், குத்து, வீடு கட்டுதல் எல்லாம் தமிழ்ச் சொற்கள். சரி, ஆட்டம் தொடங்கும்போது குருவுக்கும் களத்துக்கும் வணக்கம் வைக்கிற முறைக்குப் பல இடங்களில் என்ன பேர்? சலாம் வரிசை. சொல்லித்தர்றவருக்குப் பல ஊர்களில் என்ன பேர்? வஸ்தாவி, வஸ்தாது. உருதுவின் 'உஸ்தாத்' தமிழ் நாக்கில் ஏறி வந்த உருவம்.

இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வரும். எனக்கு இது சந்தோஷமான விஷயம். நாயக்கர் படை, மராத்தியர் படை, நவாப் படை, பாளையக்காரர் படை எல்லாம் குறுக்கும் நெடுக்கும் நடந்த பூமி இது. உயிரோட இருக்கிற கலை, எதிரியோட நல்ல அடியைத் தன் பாடத்தில் சேர்த்துக்கும். 'சலாம் வரிசை' என்ற ரெண்டு சொல்லில் முந்நூறு வருஷத் தென்னாட்டு வரலாறு இருக்கு. நம்ம மென்பொருள் ஆட்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இது யார் யாரோ கைவச்ச கோட். யார் எதைச் சேர்த்தார் என்ற பதிவு சொற்களுக்குள்ளேதான் இருக்கு. அந்தச் சொற்களை வெட்கப்பட்டு மாத்தாம அப்படியே சொல்லித்தர்ற ஆசான், பாடத்தையும் பெரும்பாலும் அப்படியே வச்சிருப்பார்.

தெருவுக்குத் தெரு ஒரு கம்பு

இதுவரைக்கும் சொன்னது வெளியிலிருந்து விழுந்த அடி. உள்ளுக்குள்ளேயும் ஒரு கோளாறு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. நிறுவனம் போனபின் கலை தெருவில் தங்கியது என்றேன். நம்ம ஊரில் தெரு என்றால் சாதி. ஒரு தெருவின் வாத்தியார் அடுத்த தெருப் பையனுக்குச் சொல்லித்தராத காலம் நீண்டது. திருவிழாவில் யார் முன்னால் கம்பு சுற்றுவது என்பதே சண்டைக்குக் காரணமான ஊர்கள் உண்டு.

தென் மாவட்டங்களில் 1990-கள் ரத்தம் சிந்திய பத்தாண்டு. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது எதிர்ப்பு எழுந்தது, மோதல்கள் பரவின. கடைசியில் அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்கள் அத்தனையையும் நீக்கியது. சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மனின் படைத்தளபதி. கம்பெனிக்கு எதிராக ஒரே பக்கம் நின்று போரிட்டவர்களின் ஊர்களில், இருநூறு வருஷம் கழிச்சு, ஒரு பேருந்தின் மேல் அந்தத் தளபதியின் பெயர் இருக்கக் கூடாதுன்னு சண்டை.

அதனால 'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கேட்டதும் அப்படியே மயங்கிடாதீங்க. யாருடைய பாரம்பரியம், அந்தக் களத்தில் யாரெல்லாம் நிற்கிறாங்க என்றும் பாருங்க. பெண் பிள்ளைகள் இருக்காங்களா? பல தெருப் பிள்ளைகள் ஒண்ணா நிற்கிறாங்களா? எனக்கு இதுதான் முதல் வடிகட்டி. பழைய அடவு முழுக்கத் தெரிஞ்ச ஆசான், தன் தெருவுக்கு மட்டும்தான் சொல்லித்தருவேன்னா, அங்கே போக எனக்கு மனசு வராது.

சினிமாவும் சான்றிதழும்

கம்பை மறுபடி ஊர் நடுவுக்குக் கொண்டு வந்ததில் சினிமாவுக்குப் பங்கு உண்டு. 'பெரிய இடத்துப் பெண்' 1963-இல் வந்தது, அதில் எம்.ஜி.ஆர். ஆடும் சிலம்பத்தைப் பார்த்துக் கம்பெடுத்த தலைமுறை ஒன்று இருந்தது. 'தேவர் மகன்' 1992-இல் அடுத்த தலைமுறைக்கு.

இப்ப மூன்றாவது அலை, விளையாட்டு. தமிழ்நாடு அரசுப் பணிக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இதை நான் முழு மனசோட வரவேற்கிறேன். இருநூறு வருஷம் சந்தேகத்தோட பார்க்கப்பட்ட கம்பு, ஒரு பிள்ளைக்கு வேலை வாங்கித் தருது. தெருச் சுவரை உடைக்கிற வேலையையும் போட்டிதான் அதிகமாச் செஞ்சிருக்கு. அங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வட்டத்துக்குள்ள இறங்கித்தான் ஆகணும்.

அதுக்கு ஒரு விலையும் உண்டு. போட்டியில் பார்வைக்குப் பளிச்சுன்னு தெரிவது கம்பின் வேகம். அதனால் வேகமாகச் சுற்றுவது முதல் பாடமாகி, காலடி பின்னால் போயிடுது. மான் கொம்பு, சுருள்வாள், வேல்கம்பு மாதிரி போட்டியில் கேட்காத பாடங்களுக்கு மாணவர் குறையுறாங்க. அந்தக் காலப் பந்தயத்தில் கம்பு நுனியில் கரியோ குங்குமமோ தடவி, யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்ததுன்னு எண்ணுவாங்க. பொட்டு வாங்காம இருக்கக் கால் வேணும், கண் வேணும். தனியா நின்னு சுற்றுகிறவருக்கு ரெண்டும் தேவைப்படாது.

ராஜபாளையம் பக்கம் நான் பார்த்த ஒரு களத்தைச் சொல்றேன். ஆசான் பகலில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு. ஆமா, ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுற அதே துணி. அந்த ஊர் அதுக்குத்தான் பேர் போனது. சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது பிள்ளைகள். ஒருத்தர் கையிலும் கம்பு இல்லை. இடுப்பில் கை வச்சுக்கிட்டு முன்னால ஒரு அடி, பக்கவாட்டில் ஒரு அடி, திரும்பு, பின்னால ஒரு அடி. முக்கால் மணி நேரம் இதேதான்.

"ஐயா, இவங்களுக்குக் கம்பு எப்ப தருவீங்க?"

"கால் வரட்டும் தம்பி, கம்பு தானா வரும். கம்பு முதல்ல வந்துட்டா கால் வரவே வராது."

யார்கிட்ட படிச்சீங்கன்னு கேட்டேன். தன் ஆசான் பேரைச் சொன்னார், அவரோட ஆசான் பேரைச் சொன்னார், அதுக்கு மேல "தெரியலப்பா" என்றார். அந்தத் 'தெரியல' எனக்கு 5000 வருஷத்தை விடக் கனமாத் தெரிஞ்சது.

சரி, எப்படித் தேடுறது?

இவ்வளவு வரலாறும் கடைசியில் சில நடைமுறை விஷயங்களாத்தான் வந்து நிற்குது.

ஒண்ணு, இடத்தைத் தேடாதீங்க, ஆளைத் தேடுங்க. 1801-க்குப் பிறகு இந்தக் கலை கட்டடத்தில் வாழல, ஆட்களில் வாழ்ந்தது. மேப்பில் அஞ்சு நட்சத்திரம் பார்த்து முடிவு பண்ண முடியாது. பங்குனி, சித்திரையில் ஊர்ப் பொங்கல் நடக்கும்போது போங்க. ஊர்வலத்தில் கம்பு சுற்றுகிற பிள்ளைகளிடம் "யாருப்பா உங்க வாத்தியார்?"னு கேளுங்க. ரெண்டு மூணு ஊரில் ஒரே பேர் வந்தா, அவரைப் போய்ப் பாருங்க.

ரெண்டு, ஆசானிடம் கேட்க வேண்டியது, கலைக்கு என்ன வயசு என்பதில்லை. "உங்க ஆசான் யாரு?" என்று கேளுங்க. ரெண்டு தலைமுறை பேர் சொல்லி, எந்த அடி யாரிடமிருந்து வந்ததுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சா அது உண்மையான தொடர்ச்சி.

மூணு, முதல் நாள் சும்மா உட்கார்ந்து பாருங்க. காலடி எவ்வளவு நேரம் நடக்குது? ரெண்டு பேர் எதிரெதிரே நின்று ஆடுறாங்களா, தனித்தனியாச் சுத்துறாங்களா? அடி பட்டா ஆசான் என்ன பண்றார்? நல்ல களத்தில் முதலுதவி ஆசானுக்குத் தெரிஞ்சிருக்கும். தன்னால முடியாதது எதுன்னும் தெரிஞ்சிருக்கும்.

நாலு, பத்து நாளில் வர்மம் முழுக்கச் சொல்லித்தர்றேன்னு யாராவது சொன்னா, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுங்க. வர்மம் சித்த மருத்துவத்தின் ஒரு பிரிவு, பல வருஷப் படிப்பு. சென்னை தாம்பரத்துத் தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தில் அதை மருத்துவமாகவே செய்றாங்க. சினிமாவில் விரலை மடக்கிக் குத்துற காட்சியை வச்சு அதை எடை போடாதீங்க.

அஞ்சு, பணம். பல ஆசான்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் பேருக்குத்தான் ஏதோ வாங்குறாங்க, வெற்றிலை பாக்கு வச்சுக் கொடுக்கிற காணிக்கையோட நிறுத்திக்கிறவங்களும் உண்டு. நீங்க நகரத்திலிருந்து போறீங்க, நல்ல சம்பளம் வாங்குறீங்க. நகரத்து ஜிம்மில் ஒரு மாசத்துக்குக் கட்டுகிற தொகையை அங்கே மனசாரக் கொடுங்க. பிள்ளைகளுக்கு நாலு கம்பு வாங்கிக் கொடுத்தாலும் சரி. கேரளாவில் 1920, 30-களில் தலச்சேரியில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவருடைய சீடர் சி.வி. நாராயணன் நாயரும் களரியைத் தூக்கி நிறுத்தினாங்க. வடகரை மீனாட்சி அம்மாவுக்கு 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. நடுவில் அந்தக் களரிகளைத் தாங்கிப் பிடிச்சது மாணவர்கள்தான். நம்ம பக்கத்து ஆசான் பகலில் தறி ஓட்டிட்டு வந்து சாயங்காலம் காலடி சொல்லித்தர்றார். அவருக்குப் பிறகு அந்தக் களத்தில் யார் நிற்பாங்கன்னு இப்போதைக்கு எழுதிவச்ச பதில் கிடையாது.

கடைசியா ஒண்ணு. பத்து நாளில் சிலம்பம் வராது. பத்து நாளில் காலடியில் ஒரு பகுதி வரும். அதோட திரும்பி வந்து, தினமும் காலையில் அரை மணி நேரம் கம்பில்லாம அதையே செய்யுங்க. அடுத்த வருஷம் அதே ஆசானிடம் போங்க. உங்க காலைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிஞ்சுடும், நீங்க வந்துட்டுப் போன ஆளா, திரும்பி வந்த ஆளான்னு. இந்தக் கலையில் மாணவர் என்ற பேர் ரெண்டாவது முறை போகும்போதுதான் கிடைக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.